கூலி: ஊதியம் பெயரான கதை

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணி எப்படியோ தமிழ்த்துறையின் தலையில் வந்து விழுந்துவிடும். படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் மிகுதியாக எழுதும் சொல் ஒன்றுதான்: கூலி. ஆங்கிலத்தில் நிரப்புகிறவர்களும் அதே சொல்லைத்தான் ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறார்கள். வருமானச் சான்று முதல் காவல்நிலையத்து முதல் தகவல் அறிக்கை வரை நம் அரசுத் தாள்களில் ஒரு மனிதனின் தொழிலாக இச்சொல் இன்றும் இயல்பாகப் பதிவாகிறது. நாமும் இயல்பாகக் கடந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு சேர்க்கை நாளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு முதியவர் கல்லூரிக்கு வந்திருந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தை கப்பலேறிப் போனவர். கப்பல் பட்டியலின் நகல் ஒன்று அவரிடம் இருந்தது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, அவற்றோடு ஓர் எண். அந்த ஊர்ப்பெயரை ஆங்கிலக் குமாஸ்தா எழுதியிருந்த விதத்திலிருந்து உண்மையான ஊரைக் கண்டுபிடிக்க உதவவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என் மேசைமீதிருந்த படிவங்களில் விழுந்தது. மேலே கிடந்த படிவம் ஆங்கிலத்தில் நிரப்பப்பட்டது. தந்தையின் தொழில்: கூலி.

அவர் முகம் மாறியது. "இதை எழுதியது அந்தப் பிள்ளையா, அலுவலகமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளைதான் என்றேன். தமிழில் கூலி என்றால் ஆளைக் குறிப்பதன்று, உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறிப்பது என்று, தமிழாசிரியனுக்கே உரிய உற்சாகத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சிறுவனாக இருந்தபோது இந்தச் சொல்லுக்காக இரண்டு முறை சண்டை போட்டேன். இரண்டு முறையும் அடிவாங்கினேன்" என்றார்.

என் சொல்லும் அவர் சொல்லும் ஒரே ஒலிதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது என்று அன்று தோன்றியது. அதன்பின் அகப்பட்ட அகராதிகளிலும் வரலாற்று நூல்களிலும் இச்சொல்லைத் தொடர்ந்து போனதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

*

முதலில் நம் வீட்டுக்குள் பார்த்துவிடலாம். தமிழில் கூலி என்பது ஒரு பொருள்; ஆள் அன்று. வண்டிக்கூலி, தையற்கூலி, அரைவைக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எத்தனை கூட்டுச்சொற்கள் இருந்தாலும் எல்லாவற்றிலும் பின்னால் நிற்பது கொடுக்கவேண்டிய ஒன்று, அதாவது கடன். நகைக்கடைக்காரர் 'செய்கூலி, சேதாரம்' என்று விளம்பரம் செய்யும்போது பொற்கொல்லர் எவரும் அவமானப்படுவதில்லை. வேலை செய்கிறவனைச் சொல்லவேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று மற்றொரு சொல்லை ஒட்டவேண்டும். அந்த ஒட்டு ஒரு சிறிய மரியாதை. 'ஊதியம் பெறுவதற்கு உரியவன்' என்பதுதான் அதன் பொருள்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல் வருகிறது. தெய்வமே கைவிட்டாலும் உடலை வருத்தியதற்கான பலன் கிடைத்தே தீரும் என்று சொல்லும் இடத்தில் வள்ளுவர் பயன்படுத்தும் சொல் கூலிதான். இழிவின் நிழல்கூட அதில் இல்லை. தமிழ் விவிலியமும் இச்சொல்லைத் தாராளமாக ஆள்கிறது. திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இறைவன் நல்லடியார்க்கு அளிக்கும் வெகுமதிக்கு 'நற்கூலி' என்று பெயர். என் இசுலாமிய மாணவர்கள் சிலர் கட்டுரைகளில் இந்தச் சொல்லை எழுதும்போது, சொர்க்கம் என்பதைவிட இது எவ்வளவு நேர்மையான சொல் என்று நினைத்துக்கொள்வேன். இறைவனிடமும் கணக்கு உண்டு என்கிறது அது.

சொல்லின் வேரைக் கூலம் என்னும் சொல்லோடு இணைத்துப் பார்க்கும் தமிழறிஞர்கள் உண்டு. கூலம் தானியம், சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர் என்பது நாம் அறிந்ததே. தானியமாக அளக்கப்பட்டதால் கூலி என்பது அவர்கள் கருத்து. ஒலியியல் அடிப்படையில் இதை முடிந்த முடிபாகக் கொள்ளத் தயக்கம் இருந்தாலும், வாழ்க்கை அதற்குச் சாட்சி சொல்கிறது. தஞ்சைப் பகுதியில் கூலி என்பது நெடுங்காலம் நெல்தான். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்களே, அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்த கோரிக்கைகளில் ஒன்று, அளக்கும் நெல்லைச் சற்றுக் கூட்டித் தரவேண்டும் என்பது. கூலி என்னும் சொல்லின் முழு எடையை அறிய அகராதியைவிட அந்தக் குடிசை உதவும்.

கூலிக்கு எதிர்ச்சொல்லும் தமிழில் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் இது. ஊதியமின்றிச் செய்தே ஆகவேண்டிய உழைப்பு என்று அதற்குப் பொருள். இன்று நாம் 'வெட்டிப்பேச்சு', 'வெட்டியாக இருக்கிறான்' என்றெல்லாம் சொல்லும்போது பயனற்றது என்று பொருள் கொள்கிறோம். பயனற்றதாக இருந்தது உழைத்தவனுக்கு; வாங்கியவனுக்கு அன்று. கூலி என்றால் ஊதியம் உள்ள வேலை, வெட்டி என்றால் ஊதியம் இல்லாத வேலை. நம் மொழி இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய உடன்பிறந்த மொழிகளிலும் சொல்லும் பொருளும் ஏறக்குறைய இவையே. மலையாளிகள் மட்டும் ஒரு படி மேலே போய் 'நோக்குகூலி' என்ற ஒன்றைப் படைத்தார்கள். சுமையை எந்திரமோ உரிமையாளரின் ஆட்களோ இறக்கினாலும், அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகச் சுமைதொழிலாளர் சங்கத்தினர் கேட்கும் பணம். கேரள அரசு 2018 மே முதல் நாளிலிருந்து அதைத் தடை செய்தது. அதன் நியாய அநியாயம் எப்படியிருந்தாலும், சொல்லாக்கம் என்ற அளவில் நான் வியக்கிறேன். வேலையே போய்விட்ட பிறகும் கூலி மட்டும் தனியே நிற்கும் அதிசயம் அது. கடல் கடந்த நாடுகளில் நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. அங்கே கூலி போய்விட்டது, வேலை மட்டும் தனியே நின்றது.

*

ஐரோப்பியர் வாயில் இச்சொல் எப்படி ஏறியது? இதில் நாம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி இவ்விடத்தில் சுவையானது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தமிழ்க் கூலியை அவர் அறியாதவர் அல்லர். இருந்தும் அந்த அகராதி முதலிடம் தருவது தமிழுக்கு அன்று, குசராத்தின் கோலி மக்களுக்கு. மேற்குக் கடற்கரையில் மீன்பிடித்தும், உழுதும், சுமைதூக்கியும் வாழ்ந்த பெரிய இனக்குழு கோலிகள். மும்பையின் ஆதிகுடிகளான மீனவரும் அவர்களே. போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் அவர்களிடம் வேலை வாங்கி, அந்த இனப்பெயரையே சுமைக்காரர் எல்லோருக்குமான பொதுப்பெயராக்கிக் கொண்டு தெற்கே வந்திருக்கலாம். வந்த இடத்தில் தமிழ்க் கூலி ஏற்கெனவே காத்திருக்க, இரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்கலாம் என்பது அந்த அகராதி செல்லும் வழி.

மூன்றாவது உரிமையாளர் துருக்கியர். துருக்கி மொழியில் 'குல்' என்றால் அடிமை, அடியான். இறைவனின் அடியானும் குல்தான், சுல்தானின் அடிமையும் குல்தான். உதுமானியப் பேரரசின் புகழ்பெற்ற ஜானிசாரிப் படையினர் 'காபிகுலு', அதாவது வாயிலின் அடிமைகள், என்னும் பிரிவைச் சேர்ந்தவர்கள். இந்தச் சொல் நம் தக்காணத்துக்கும் வந்தது, வந்தது அரியணைமீது. 1591இல் சார்மினாரைக் கட்டி ஐதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப்ஷாவின் பெயரிலுள்ள குலி இந்தத் துருக்கிய அடியான்தான். நம் பெயர்களில் தாசன் வருவதைப்போல. தெலுங்கு நாட்டில் கூலிக்குக் கல் சுமந்தவனும், அந்தக் கட்டடத்தை எழுப்பச் சொன்ன குலியும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு அது அன்றாட வருமானம், மற்றவனுக்கு அரச பெயர். இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் உருதுவிலும் இந்தியிலும் கூலிக்காரனைக் குறிக்கும் சொல்லில் அடிமையின் சாயல் ஏறியதற்கு இந்தக் குல்லும் ஒரு காரணம் என்று அகராதிக்காரர்கள் சொல்வதை மறுக்க எனக்குத் துணிவில்லை. திபெத்திய மொழியிலும் வேலையாளைக் குறிக்கும் 'கோல்' என்றொரு சொல் உண்டு. அதற்கும் இந்தியச் சொல்லுக்கும் தொடர்பில்லை என்று ஹாப்சன் ஜாப்சனே தள்ளிவிடுகிறது.

சீன மொழியில் நடந்தது வேறொரு விந்தை. வெளியிலிருந்து வந்த இந்த ஒலியைச் சீனர்கள் இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். முதல் எழுத்து 'கு', கசப்பு. இரண்டாவது 'லி', வலிமை. கசந்த வலிமை. கடன் வாங்கிய சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து அமைவது அரிது. இதன் பொருத்தத்தில் மயங்கியே, இது சீனத்தில் பிறந்த சொல் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1847 முதல் 1874 வரை கியூபாவின் கரும்புக் காட்டுக்கு ஏற்றிச்செல்லப்பட்ட நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொறுத்தவரை சொற்பிறப்பு எதுவானால் என்ன, எழுத்துகள் பொய் சொல்லவில்லை.

ஆங்கில அகராதிகள் இன்றும் இதில் ஒருமுகமாக இல்லை. தமிழ் என்பாரும், தெலுங்கு, இந்தி என்பாரும், கோலி என்பாரும் உண்டு. என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒரு சொல்லுக்கு ஒரே தாய்தான் இருக்கவேண்டும் என்பது நம் குடும்பப் பழக்கத்திலிருந்து மொழிக்குள் கொண்டுபோன பிடிவாதம். இங்கே தெற்கிலிருந்து ஓர் ஊதியமும், மேற்கிலிருந்து ஓர் இனப்பெயரும், வடக்கிலிருந்து ஓர் அடிமையும் வந்து துறைமுகத்தில் சந்தித்தன. ஒலி ஒன்றாக இருந்ததால் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்காமல் இருப்பது சிலருக்கு வசதியாகவும் இருந்தது.

*

அந்த வசதி என்ன என்பதற்கு 1834ஆம் ஆண்டைப் பார்க்கவேண்டும். பிரித்தானியப் பேரரசின் கரும்புத் தீவுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'அட்லஸ்' என்னும் கப்பல் 36 இந்தியர்களை மொரீசியசில் கொண்டுவந்து இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம். அடிமை என்று சொல்லமுடியாது, சட்டம் தடுக்கிறது. விடுதலை பெற்ற தொழிலாளி என்று சொல்லவும் மனமில்லை, ஒப்பந்தத்தை மீறினால் சிறை காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர் தேவைப்பட்டது. ஊதியத்தின் வாசனையும் அடிமையின் வாசனையும் ஒருசேர அடிக்கும் சொல் கையருகில் இருந்தது. கப்பல் இறங்கிய அந்தத் துறைக்கே கூலித்துறை என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாறி, 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாயிற்று.

என் டர்பன் நண்பரின் கதை 1860இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து போன 'துரூரோ' கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் அப்படி நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து ஏறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அதாவது, கூலி என்றால் ஊதியம் என்று தாய்மொழியில் அறிந்தவர்கள். அவர்களுக்கு முதலாண்டில் மாதத்துக்குப் பத்து ஷில்லிங் ஊதியம்.

அந்தப் பத்து ஷில்லிங்கை மனத்தில் வைத்துக்கொண்டு, நேட்டால் அரசு 1895இல் கொண்டுவந்த சட்டத்தைப் பார்க்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும், மறு ஒப்பந்தம் செய்துகொள்ளாமலும் விடுதலை பெற்றவராக அங்கேயே வாழ விரும்பும் இந்தியர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்டவேண்டும். முதலில் கேட்டது 25 பவுன். அதைக் குறைத்துத்தான் மூன்று. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். முதலாண்டுக் கணக்கில் ஆறு மாதக் கூலி. பின்னர் 16 வயது கடந்த ஆண்பிள்ளைகளுக்கும் 13 வயது கடந்த பெண்பிள்ளைகளுக்கும்கூட இந்த வரி நீண்டது. உழைத்ததற்கு வாங்கிய கூலியை, கூலியாக இல்லாமல் இருப்பதற்காகத் திருப்பிக் கட்டவேண்டும். இதற்கு எதிரான போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறைசென்று, நோயுற்றுத் திரும்பி, 1914 பெப்ருவரியில் இறந்தாள். அந்த ஆண்டிலேயே வரி நீக்கப்பட்டது.

1893இல் டர்பனில் இறங்கிய காந்தி, தன்வரலாற்றில் இச்சொல்லைப்பற்றி எழுதியிருக்கிறார். இந்தியரில் பெரும்பாலோர் தொழிலாளர் என்பதால் இந்தியர் எல்லோருமே கூலிகள் எனப்பட்டார்கள். வணிகர் 'கூலி வணிகர்'. காந்தியோ 'கூலி பாரிஸ்டர்'. சொல்லின் உண்மைப் பொருள் மறந்துபோய்விட்டது என்று அவரே வருந்துகிறார். இன்னொரு வசைச்சொல்லையும் அவர் குறித்திருக்கிறார்: 'சாமி'. தமிழ்ப்பெயர்கள் பலவும் சாமி என்று முடிவதால் வெள்ளையர் எல்லோரையும் சாமி என்றே கூப்பிட்டார்களாம். துணிச்சலுள்ள இந்தியர் சிலர், 'என்னைச் சாமி என்கிறீரே, அதற்கு எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லவே' என்று திருப்பிக் கொடுப்பார்களாம். சிலர் வாயடைத்துப் போனார்கள். சிலர் அடிக்கக் கையோங்கினார்கள். கடவுளையும் ஊதியத்தையும் வசையாக மாற்றிய ஊர் அது. சாமியைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவர்கள் கூலியைத் திருப்பிச் சொன்னதாகத் தெரியவில்லை. 'கூலி என்கிறீரே, அது நீர் எனக்குத் தரவேண்டியதாயிற்றே' என்று எவரேனும் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

*

இந்தியாவுக்குள்ளேயே இச்சொல் எவ்வளவு கீழே இறங்கியது என்பதற்கு இமயமலையடிவாரத்துக் குமாவுனைப் பார்த்தால் போதும். ஆங்கில அதிகாரிகள் மலைப்பகுதிகளில் முகாமிடும்போது மூட்டைகளைச் சுமக்க ஊர்மக்கள் முறைவைத்து வரவேண்டும். ஊர்த்தலைவர்களிடம் பெயர்ப்பதிவேடுகள் இருந்தன. இந்த முறைக்குப் பெயர் 'கூலி பேகார்'. பேகார் என்றால் ஊதியமில்லாத கட்டாய உழைப்பு, நம் வெட்டியேதான். ஆக, கூலி வெட்டி. தமிழ்க் காதுக்கு இது இருளான வெளிச்சம் என்பதுபோல் ஒலிக்கிறது. கூலியில்லாக் கூலி. வள்ளுவர் தந்த உறுதிமொழி இமயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முற்றிலும் தலைகீழாகிவிட்டது.

1921 சனவரி 14. நாம் பொங்கல் கொண்டாடும் நாள். அங்கே உத்தராயணித் திருவிழா. சரயுவும் கோமதியும் கூடும் பாகேசுவரத்தில் மலைக்கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். பத்ரிதத் பாண்டே முதலிய தலைவர்கள் பேசினார்கள். இனிக் கூலி பேகார் செய்வதில்லை என்று மக்கள் உறுதியெடுத்தார்கள். பெயர்ப்பதிவேடுகள் சரயு ஆற்றில் வீசப்பட்டன. ஒரு சொல்லின் வரலாற்றில் இதைப்போன்ற நாள் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அகராதியைத் திருத்தியவர்கள் உண்டு. ஆற்றில் கரைத்தவர்கள் இவர்கள்தாம்.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் 'கூலி' தொழிலாளி. அங்கே பத்திரிகையாளர்கள் தங்களையே 'கூலி திந்தா', மைக்கூலி, என்று கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 1928இல் ஒரு நிறுவனம் மைப்பேனா ஒன்றுக்கு ஏறக்குறைய இதே பெயரை, 'டின்டன்கூலி' என்று, வைத்தது. இன்று ஜெர்மானியருக்குக் கூலி என்றால் பந்துமுனைப் பேனா. அது அந்தப் பேனாவுக்கான நீண்ட சொல்லின் சுருக்கம். அவர்களுடைய தொடர்வண்டி நிலையங்களில் பயணிகள் தாமே தள்ளிச்செல்லும் சக்கரவண்டிக்குக் 'கொஃபர்கூலி', பெட்டிக்கூலி, என்று பெயர். ஆள் மறைந்து சக்கரம் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. வியட்நாமிய மொழியில் 'கு லி' என்பது கூலியாளோடு தேவாங்கு இனத்து விலங்கு ஒன்றுக்கும் பெயர். பிஜித் தீவின் மொழியில் 'கோலி' நாய். இது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனால் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவருக்கு வாய்த்த ஒற்றுமை எப்படிப்பட்டது பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலியில் மட்டும் 'கூலி' கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது. அங்கே அது துறைமுகத் தொழிலாளி. சான்சிபார் எழுத்தாளர் ஷாஃபி ஆதம் ஷாஃபி 1979இல் எழுதிய 'கூலி' என்னும் நாவல் அந்தத் தொழிலாளரின் போராட்டத்தைச் சொல்வது.

*

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே துரைமாருக்காகத் 'கூலித் தமிழ்' என்று தலைப்பிட்ட பாடநூலே வெளிவந்தது. மொழிக்கு அடைமொழியாகிவிட்டது சொல். ஆங்கிலேயர் 'கூலி லைன்கள்' என்ற நெடுவரிசைக் கட்டடங்களை மக்கள் லயம் என்றார்கள். கூலி உதிர்ந்தது, லைன் மட்டும் தமிழாயிற்று. இது தற்செயலா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே செய்ததாக நம்ப விரும்புகிறேன்.

அத்தோட்டங்களின் வழக்கில் 'பேர்' என்றொரு சொல் உண்டு. ஒருநாள் வேலைக்கு ஒரு பேர். பதிவேட்டில் பெயர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பாதிச் சம்பளம் என்று எவரும் சொல்வதில்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது சிறிதுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். டர்பனில் ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராயிற்று. தேயிலை மலையிலோ மனிதனின் பெயர் ஊதியத்தின் அளவாயிற்று. அந்தி மங்கும் நேரத்தில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, இன்று எனக்கு அரைப்பேர்தான் என்று சொல்லி லயத்துக்கு நடந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். மீதிப் பாதிப் பெயர் யாரிடம் இருந்தது?

சொல்லைத் திரும்பக் கைப்பற்றும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் 'கூலித்துவம்' என்று பொருள்படும் சொல்லொன்றைப் பிரெஞ்சு மொழியில் உருவாக்கினார். ஆப்பிரிக்கக் கருப்பினக் கவிஞர்கள் தம் வசைச்சொல்லைப் பெருமிதமாக மாற்றியதைப்போல, கப்பலேறிய எல்லா இன மக்களின் கலப்புப் பண்பாட்டுக்கும் அதையே பெயராக்கினார். கயானாவில் பிறந்த காயூத்ரா பகதூர் 2013இல் தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிச்சென்று எழுதிய நூலுக்குக் 'கூலிப்பெண்' என்று தலைப்பிட்டார். கரீபியத்தில் இன்றும் சுடும் சொல் அது என்று தெரிந்தே இட்டார். இவர்களை மதிக்கிறேன். ஆனால் என் டர்பன் நண்பருக்கு இந்த வழி உவக்காது என்பதையும் அறிவேன். அடிவாங்கியவருக்குச் சொல்லை மீட்டெடுக்கவும் உரிமை உண்டு, தொடமாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு.

இங்கேயோ, ஆங்கிலம் சுற்றிவந்து கொடுத்த பொருளை நாம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம். 'ஒப்பந்தக் கூலிகள்' என்று நம் வரலாற்றுப் பாடநூல்களே பன்மை விகுதி போட்டு எழுதுகின்றன. ஊதியத்துக்கு ஏது பன்மை? தொடர்வண்டித்துறை 2016இல் சுமைதூக்குவோரை இனிச் 'சகாயக்' என்று அழைப்போம் என்று அறிவித்தது. நிலையங்களில் நான் இன்னும் கேட்பது பழைய சொல்லைத்தான். முல்க் ராஜ் ஆனந்தின் 1936ஆம் ஆண்டு நாவல், 1983இல் அமிதாப் பச்சன் நடித்த இந்திப்படம், 2025இல் ரஜினிகாந்த் நடித்த தமிழ்ப்படம் என்று தலைப்புகளிலெல்லாம் கூலி ஆள்தான். திரையில் கூலிக்குக் கைதட்டும் நாம் கூலிக்காரர் என்ற பழைய ஒட்டை இழந்துகொண்டிருக்கிறோம்.

அன்று அந்த முதியவரின் ஊரைக் கண்டுபிடித்துவிட்டோம். குமாஸ்தா ழகரத்தை எப்படிச் சிதைத்திருப்பான் என்று ஊகிக்க முடிந்தால் மற்றவை எளிது. மறுநாள் அவரை அழைத்துப்போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏரிக்கரையில் சிறிதுநேரம் நின்றார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் ஒருநாளைக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "கூலியா ஐயா?" என்று ஒரு அம்மா நிமிர்ந்து கேட்டுவிட்டுத் தொகையைச் சொன்னார். அந்தச் சொல் மட்டும் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு சேர்க்கை முழுவதும் கணினியில். ஒரு பெண்ணின் படிவத்தில் தந்தையின் தொழிலைத் தினக்கூலி பெறுபவர் என்று ஆங்கிலத்தில் நிரப்பலாமே என்று அலுவலகத் தம்பியிடம் சொன்னேன். திரையைத் திருப்பிக் காட்டினார். தொழில்களின் பட்டியல் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்தப் பெண்ணிடம், "அப்பா என்ன வேலை செய்கிறாரம்மா?" என்று கேட்டேன்.

"நெல் மூட்டை ஏற்றுவார் ஐயா. கரும்பு வெட்டப் போவார். வாய்க்கால் தூர்வார, கிணற்றில் இறங்க என்று எது வந்தாலும் போவார்" என்றாள். பிறகு, பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் பக்கம் திரும்பி, "அதில் எது இருக்கோ அதைப் போடுங்கண்ணா" என்றாள்.